திரையில் இருக்கும் கல்லீரலைத் தொட்டால் கருவி உதறுகிறது: அறுவைப் பயிற்சி புராஜெக்ட், உதவி தேவை

தோட்டத்துப்பையன்:

எல்லோருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், மெகாட்ரானிக்ஸ் கடைசி ஆண்டு. செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். லேப்பில் கெஞ்சி இரவல் வாங்கிய விசைக்கருவி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு வாரமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன்.

லாப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் அறுவை, அதைப் பழகும் டாக்டர்களுக்கான பயிற்சிக் கருவிதான் புராஜெக்ட். திரையில் ஒரு கல்லீரல், கையில் பேனா மாதிரி ஒரு கோல். கோலை நகர்த்தினால் திரையில் கருவி முனை நகரும், கல்லீரலில் பட்டால் அது அமுங்க வேண்டும், அமுங்கும் எதிர்விசை என் விரலுக்குத் திரும்பி வர வேண்டும். சோஃபா (SOFA) என்ற மென்பொருளில், பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் செய்திருக்கிறேன். ஒரு சுற்றுக் கணக்கு முடிய என் லேப்டாப்பில் 25 மில்லிவினாடி ஆகிறது.

பிரச்சினை என்னவென்றால், மெதுவாகத் தொட்டால் ஓரளவு சரி, கொஞ்சம் அழுத்தினாலே கோல் கையில் 'டர்ர்ர்' என்று உதறுகிறது, கைப்பேசி அதிர்வதைவிட மோசம். உதறலைக் குறைக்க விறைப்பைக் குறைத்தேன், அப்புறம் கல்லீரல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. கூட்டினால் செருப்பு ரப்பர். உண்மையான திசுவை நான் தொட்டதில்லை, ஆனால் இது அது இல்லை என்று மட்டும் தெரிகிறது. இன்னொன்று, கல்லீரலின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கித் திருப்பினால் அந்த ஓரம் பலூன் மாதிரி ஊதிக்கொள்கிறது!

ஏன் இந்தத் தலைப்பு என்றும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். வயிற்றில் நாலு சின்னத் துளை, அவ்வளவுதான். சீக்கிரமே எழுந்து நடந்துவிட்டார். அந்த டாக்டர் முதல் முதலாக இதை எங்கே, யார் மேல் பழகியிருப்பார் என்று அன்று வார்டுக்கு வெளியே உட்கார்ந்து யோசித்தேன். அந்த யோசனை இன்னும் விடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

விசைக்கோல்:

தம்பி, உதறல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்கிறேன், மற்ற இரண்டும் சுலபம்.

கண்ணுக்கு வினாடிக்கு 30, 60 படம் காட்டினால் போதும். கைக்கு அது போதாது. விசையை வினாடிக்கு 1000 தடவை புதுப்பிக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. தோலுக்கு அடியில் உள்ள பசினியன் உணர்முனைகள் 250 ஹெர்ட்ஸ் பக்கத்து அதிர்வை மிக நுணுக்கமாகப் பிடிக்கும். நீ கொடுப்பது வினாடிக்கு 40 தடவை. அந்த 25 மில்லிவினாடியும் மோட்டார் பழைய விசையையே தள்ளிக்கொண்டிருக்கிறது. கை உள்ளே போகும்போது விசை தேவைக்குக் குறைவாக இருக்கும், கை வெளியே வரும்போது தேவைக்கு அதிகமாக இருக்கும். ஒவ்வொரு போக்குவரத்திலும் இல்லாத சக்தி கொஞ்சம் உன் கைக்குள் வந்து சேர்கிறது. அது சேர்ந்து சேர்ந்துதான் அந்த 'டர்ர்ர்'.

90களில் கோல்கேட், ஷெங்கல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு எளிய எல்லை போட்டுக் கொடுத்தார்கள். திரையில் உள்ள பொருளின் விறைப்பை ஒரு சுற்றின் நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் வருவது, கருவிக்குள்ளேயே இருக்கும் இயற்கையான தணிப்பைவிட (அசைவை அடக்கும் தன்மை) குறைவாக இருக்க வேண்டும். உன் கருவியின் தணிப்பு மீட்டருக்கு 0.5 நியூட்டன்-வினாடி என்று பேச்சுக்கு வைத்துக்கொள். 25 மில்லிவினாடியில் நீ வைக்கக்கூடிய விறைப்பு மீட்டருக்கு 40 நியூட்டன்தான். ஒரு சென்டிமீட்டர் அமுக்கினால் 0.4 நியூட்டன், அதாவது நாற்பது கிராம் கையில் வைத்த மாதிரி. பஞ்சு ஏன் வந்தது என்று புரிகிறதா? அதே கணக்கை ஒரு மில்லிவினாடியில் போடு, மீட்டருக்கு 1000 நியூட்டன் வரை போகலாம்.

அதற்காக முழுக் கல்லீரலையும் ஒரு மில்லிவினாடியில் கணக்கிட முயற்சிக்காதே, லேப்டாப்பால் ஆகாது. இரண்டு ஓட்டமாகப் பிரி. கல்லீரல் தன் வேகத்தில் ஓடட்டும். விசை ஓட்டம் தனியாக 1000 ஹெர்ட்ஸில் ஓடட்டும், அதற்குக் கல்லீரலே தெரிய வேண்டாம். கடைசியாகக் கணக்கிட்ட தொடுபுள்ளி எங்கே, அந்த இடம் எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்ற சின்னத் தகவல் மட்டும் போதும். சோஃபாவில் எல்.சி.பி. ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று ஒன்று இருக்கிறதே, அது இதைத்தான் செய்கிறது. அப்புறம் கோலையும் திரை முனையையும் நேராகக் கட்டாதே, நடுவில் ஒரு கற்பனை ஸ்பிரிங்கும் தணிப்பானும் வை. திரை முனை எப்போதும் திசுவின் மேற்பரப்பிலேயே நிற்கும், உன் கை உள்ளே போன தூரத்துக்கு ஸ்பிரிங் இழுக்கும். ஜில்லெஸ், சாலிஸ்பரி 1995இல் எழுதிய யோசனை இது, இன்றைக்கும் இதுதான் அடிப்படை. அந்த சாலிஸ்பரியின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில்தான் ஃபேன்டம் என்ற விசைக்கருவியும் பிறந்தது, உன் மேசையில் இருப்பது அநேகமாக அதன் பேரப்பிள்ளை.

ஓரம் ஊதுவது, நீ நேரியல் மாதிரியை அப்படியே வைத்திருப்பதால். அதற்குச் சுழற்சிக்கும் நீட்சிக்கும் வித்தியாசம் தெரியாது. கோரொட்டேஷனல் என்ற தேர்வுக்கு மாற்று, போய்விடும். செருப்பு ரப்பருக்குக் காரணம் பாய்சான் விகிதமாக இருக்கலாம், ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எவ்வளவு பிதுங்கும் என்று சொல்லும் எண் அது. திசுவில் தண்ணீர் அதிகம், கன அளவு மாறாது என்று படித்துவிட்டு 0.499 போட்டிருக்கிறாயா? நாலுமுகத் துண்டுகளில் அப்படிப் போட்டால் எல்லாம் இறுகிப் பூட்டிக்கொள்ளும். 0.45 போட்டுப் பார்.

கெமுந்திங்காரன்:

கருவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு என்ன செய்வாய் தம்பி? ரோபோ போட்டிக்குப் போடும் சின்ன சர்வோ மோட்டார் இருபது வெள்ளிக்குள் கிடைக்கிறது, அதையே வைத்துச் செய்துவிடலாமே.

விசைக்கோல்:

அண்ணே, அந்த சர்வோவை அணைத்துவிட்டு அதன் கையைத் திருப்பிப் பாருங்கள், கரகரவென்று எதிர்க்கும். உள்ளே அத்தனை பல்சக்கரம். மோட்டார் ஒன்றும் தள்ளாதபோதே கை பாரமாக இருந்தால், மென்மையான திசுவை எப்படி உணர்வது? பல்சக்கரம் இல்லாத சாதாரண டிசி மோட்டார், அதன் தண்டில் சுற்றிய கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு பெரிய அரைவட்டத் தட்டு. இந்த அமைப்பில் உராய்வு மிகக் குறைவு. பின்னிய தூண்டில் நூலே போதும், நீளாது. ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களுக்காக ஹாப்கிட் என்று ஒரு திறந்த வடிவமைப்பு விட்டிருக்கிறார்கள், ஒரே அச்சு, 3டி பிரிண்டரில் அடித்துக்கொள்ளலாம்.

ஈப்போ_எம்ஓ:

நான் அறுவைப் பிரிவில் மருத்துவ அதிகாரி. கணினி எனக்குத் தெரியாது, கை தெரியும். அதைச் சொல்கிறேன்.

தம்பி, லாப்ராஸ்கோபியில் நாங்கள் கல்லீரலைத் தொடுவதே இல்லை. முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளமான, ஐந்து மில்லிமீட்டர் தடிமனான கோலின் மறுமுனை தொடுகிறது. நடுவில் வயிற்றுச் சுவரில் ட்ரோக்கார் குழாய், அதன் உள்ளே ரப்பர் அடைப்பு. கோலை உள்ளே தள்ளினால் அந்த அடைப்பின் உராய்வுதான் முதலில் கைக்கு வரும், பக்கவாட்டில் சாய்த்தால் வயிற்றுச் சுவர் எதிர்க்கும், திசுவின் விசை இவற்றுக்கு அடியில் மங்கலாகக் கேட்கும். போதாததற்குக் கை இடப்பக்கம் போனால் முனை வலப்பக்கம் போகும். நீங்கள் சுத்தமான கல்லீரல் விசையைக் கைக்குக் கொடுத்தால் அது எங்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று.

இன்னொன்றும் யோசியுங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 2002இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, பயிற்சி டாக்டர்கள் 16 பேர். மிஸ்ட் வி.ஆர். என்ற கணினிப் பயிற்சிக் கருவியில் பழகியவர்கள் உண்மையான நோயாளியிடம் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும்போது 29 சதவீதம் வேகமாகச் செய்தார்கள், பிழையும் மிகக் குறைவு. அந்தக் கருவியில் விசையே கிடையாது, வெறும் பந்துகளும் பெட்டிகளும்தான்! டா வின்சி என்ற அறுவை ரோபோவும் அப்படித்தான். அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது, விசை உணரும் கருவிகள் அதில் வந்தது 2024இல் டா வின்சி 5 வந்தபோதுதான். அத்தனை வருடமும் அறுவை மருத்துவர்கள் திசு எவ்வளவு இழுபடுகிறது, எங்கே வெளுக்கிறது என்று கண்ணால் பார்த்தே விசையைக் கணித்தார்கள்.

விசை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கே கண் பயன்படாதோ அங்கே கொடுங்கள் என்கிறேன். உதாரணம் ஊசி. லாப்ராஸ்கோபி தொடங்கும்போது வயிற்றில் காற்று நிரப்ப வெரெஸ் ஊசி குத்துவோம், உள்ளே கேமரா இன்னும் போகவில்லை, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு தடவை 'டக், டக்' என்று விடுபடும், அந்த இரண்டாவதில் நிற்க வேண்டும். முதுகில் போடும் எபிடியூரல் ஊசி இன்னும் நுணுக்கம். தோல், கொழுப்பு, அப்புறம் தசைநார்கள், கடைசியில் லிகமென்டம் ஃப்ளேவம். சிரிஞ்சின் பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவோம், அது எதிர்த்துக்கொண்டே இருக்கும், அந்தக் கடைசி நாரைத் தாண்டியதும் சட்டென்று விட்டுக்கொடுக்கும். இன்னும் கொஞ்சம் போனால் மூளைத் தண்டுவட நீர் இருக்கும் உறை, அது கிழிந்தால் நோயாளிக்கு நாள்கணக்கில் தலைவலி. நான் முதல் தடவை போட்டபோது எனக்குப் பின்னால் நின்ற சீனியர் டாக்டர் "வந்துச்சா? வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எது வரவேண்டும் என்றே எனக்குத் தெரியாது. அவரால் தன் கட்டைவிரலை எனக்குக் கடன் கொடுக்க முடியாது அல்லவா? உங்கள் கருவியால் முடியும்.

ஒரே திசை, ஒரே மோட்டார். கல்லீரலை விடுங்கள், ஊசியை எடுங்கள்.

தோட்டத்துப்பையன்:

விசைக்கோல் அண்ணே, இரண்டாகப் பிரித்தேன், உதறல் நின்றுவிட்டது. இரவு இரண்டு மணிக்கு நின்றது, மேசையிலிருந்து எழுந்திருக்கவே மனமில்லை. 0.499 என்றுதான் போட்டிருந்தேன், எப்படிக் கண்டுபிடித்தீர்களோ. ஓரம் ஊதுவதும் போய்விட்டது.

டாக்டர், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் செய்த ஒரு காரியம். அம்மா முப்பது வருடம் பால் எடுக்க ரப்பர் மரம் சீவியவர், எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறும்வரை. கோலை அவர் கையில் கொடுத்து, "தொட்டுப் பாருங்கம்மா" என்றேன். கொஞ்சம் அழுத்தினார், எடுத்தார், மறுபடி அழுத்தினார். "எங்க தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கேடா, உள்ள ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார்.

அப்புறம் பழைய கத்தியை எடுத்து வந்து, கொல்லையில் நிற்கும் ஒற்றை ரப்பர் மரத்தில் காட்டினார். மேல்பட்டை வறண்டு காய்ந்தது. அதற்கு அடியில் கத்தி மண்ணில் இழுபடுகிற மாதிரி கரகரக்கும், அது கல் மாதிரி இறுகிய செல்கள் உள்ள பகுதி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இன்னும் உள்ளே போனால் கரகரப்பு அடங்கி வெண்ணெய் மாதிரி வழுக்கும், பால் குழாய்கள் அதிகமாக இருப்பது அங்கேதான். அதற்கப்புறம் ஒரு மில்லிமீட்டர்தான், தாண்டினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மண்டோர் (கங்காணி) வந்து சத்தம் போடுவார். விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக மரங்கள், ஒவ்வொன்றிலும் அந்த ஒரு மில்லிமீட்டர். "கண்ணுல தெரியாதுடா, கரகரப்பு நின்னா கையும் நிக்கணும்" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எதிர்ப்பு எவ்வளவு என்று மட்டும்தான் இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே மாறுகிறது என்று பார்க்கவே இல்லை. ஊசிக்கே மாறிவிடுகிறேன். மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் போட்டாயிற்று.

ஓடி_அக்கா:

தம்பி, உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். எங்கள் அம்மாவும் மரம் சீவினவர்தான், அந்தக் கரகரப்பை நானும் கேட்டிருக்கிறேன்.

பதினெட்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் தாதியாக இருந்தேன். பழகுகிற டாக்டர்களின் கையை நாங்கள்தான் பக்கத்தில் நின்று பார்ப்போம். ஒரு தடவை, எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம், ஒரு பயிற்சி டாக்டர் பித்தப்பையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். பை மெல்லிசாகி உள்ளே பச்சை தெரிய ஆரம்பித்துவிட்டது, யாரும் ஒன்றும் சொல்வதற்குள் கிழிந்து பித்தநீர் வழிந்தது. அதைக் கழுவி உறிஞ்சி எடுக்க நேரமானது. நோயாளி நன்றாகத்தான் வீட்டுக்குப் போனார். ஆனால் அந்தப் பிள்ளை வெளியே வந்து, "சிஸ்டர், நான் அவ்வளவு பலமா இழுத்தேன்னு எனக்கே தெரியல" என்றார். அதை என்னால் மறக்க முடியவில்லை. தான் எவ்வளவு விசை போடுகிறோம் என்று யாரும் அவருக்குக் காட்டியதே இல்லை. பெட்டிக்குள் கேமரா வைத்துப் பழகுவார்கள், ஆரஞ்சுத் தோல் உரிப்பார்கள், கோழித் தோலில் தைப்பார்கள், எல்லாம் நல்லதுதான், ஆனால் ஆரஞ்சு உனக்குக் கணக்குச் சொல்லாது.

அதனால் உன் கருவியில் விசையைப் பதிவு செய். ஒவ்வொரு குத்துக்கும் அதிகபட்சம் எவ்வளவு விசை, விடுபட்ட பிறகு எத்தனை மில்லிமீட்டர் தாண்டிப் போனார், இந்த இரண்டு எண்ணும் போதும். பழகினவர்கள் சிலர், பழகாதவர்கள் சிலர், இரண்டு கூட்டத்துக்கும் கொடு. எண்களில் வித்தியாசம் தெரிந்தால்தான் உன் கருவி எதையோ உண்மையாக அளக்கிறது. "நிஜம் மாதிரி இருக்கா" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் நல்ல பிள்ளையாக ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அரசு ஆஸ்பத்திரி ஆட்களை வைத்துச் செய்வதென்றால் என்.எம்.ஆர்.ஆர். என்ற தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிவும் நெறிமுறைக் குழு அனுமதியும் வேண்டும், அது வர நாளாகும், பாரத்தை இப்போதே எடுத்து நிரப்ப ஆரம்பி.

விசைக்கோல்:

அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். தம்பி, ஊசிக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு அடுக்கைத் துளைக்கும் வரை அது ஸ்பிரிங் மாதிரி, ஆனால் நேர்க்கோட்டு ஸ்பிரிங் வேண்டாம், முதலில் தொளதொளவென்று இருந்து அப்புறம் சட்டென்று இறுக வேண்டும். தசைநாரில் கொலாஜன் நார்கள் சுருண்டு கிடக்கும், அவை நிமிர்ந்த பிறகுதான் எதிர்க்கும். ஒரு எல்லை தாண்டியதும் விசை சில மில்லிவினாடியில் விழ வேண்டும், மெதுவாகக் குறைத்தால் 'டக்' வராது.

துளைத்த இடத்தை நினைவில் வை. ஊசியை வெளியே இழுத்து மறுபடி அதே துளையில் விட்டால் இரண்டாவது தடவை 'டக்' வரக் கூடாது. வெளியே இழுக்கும்போது உராய்வு மட்டும் இருக்கட்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கரகரப்பை நேரத்தோடு கட்டாதே, ஆழத்தோடு கட்டு. கடிகாரத்தை வைத்து அதிர்வு கொடுத்தால் கை நின்ற பிறகும் ஊசி நடுங்கும். இந்த ஆழத்தில் இந்தச் சின்ன மேடு என்று பட்டியல் போட்டு வைத்தால், கை நகர்ந்தால்தான் கரகரக்கும். உன் அம்மா சொன்ன மாதிரியே, கை நின்றால் அதுவும் நிற்கும். இதற்கு ஆழத்தை நுணுக்கமாக அளக்க வேண்டும். 12 பிட் காந்த சென்சார் ஒரு சுற்றை 4096 ஆகப் பிரிக்கும், தண்டின் ஆரம் 5 மில்லிமீட்டர் என்றால் ஒரு படிக்கு 0.008 மில்லிமீட்டர் கூட வராது. போதும்.

தோட்டத்துப்பையன்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இரவல் கருவி லேப்புக்குத் திரும்பிப் போய்விட்டது. இப்போது மேசையில் இருப்பது நானே செய்தது: பழைய பிரிண்டரில் கழற்றிய டிசி மோட்டார், ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகை, தூண்டில் நூல், அக்ரிலிக் தட்டு. நூல் தொய்ந்து இரண்டு தடவை அவிழ்ந்தது, கிட்டார் சாவி மாதிரி ஒரு திருகு வைத்து இறுக்கியதும் சரியானது. ஓட்டம் 1000 ஹெர்ட்ஸில் நிற்கிறது.

நாலு அடுக்கு போட்டிருக்கிறேன். நேற்று இரவு அம்மாவிடம் எந்த அடுக்கு எங்கே என்று சொல்லாமல் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். முதல் தடவை தாண்டிப் போய்விட்டார், 6 மில்லிமீட்டர். ஐந்தாவது தடவை 1.5. அதற்குப் பிறகு நான் செய்து பார்த்தேன், எனக்கு 4க்குக் கீழே இறங்கவே இல்லை.

மூன்றாவது அடுக்கு மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "இது கரகரப்பு இல்ல, மிஷின் சத்தம்" என்றார். மேடுகளைச் சம இடைவெளியில் வைத்திருந்தேன், அதனால்தான் என்று நினைக்கிறேன். இடைவெளியைக் கலைத்துப் போட்டு மறுபடி அவர் கையில் கொடுக்கிறேன். ஓடி அக்கா, பாரம் நிரப்ப ஆரம்பித்துவிட்டேன், ஒரு பகுதி புரியவில்லை, தனியாகக் கேட்கிறேன்.